சூரியன் வந்த பக்கம்

என்னங்க,

போனில் பேசினால் அத்தைக்குக் கேட்கும். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நாளை எனக்கு உலகப் புவியியல் தேர்வு. நேற்று செங்கடல் வரைபடத்தை வரைந்து பழகினேன். ஜித்தாவைக் குறித்ததும் கை நின்றுவிட்டது. அங்கே கடல் ஊருக்கு மேற்கே இருக்கிறது. ஜித்தாவில் கிடங்கு வேலை என்று சொல்லிவிட்டுப் போன நீங்கள், வியாழக்கிழமை காலை வீடியோவில் என்ன காட்டினீர்கள்?

"பாரு, நம்ம காரைக்கால் மாதிரியே கடல்லேருந்து சூரியன் வருது."

ஜித்தாவில் சூரியன் கடலில் மறையும், கடலிலிருந்து வராது. வீடியோவில் கரையும் எங்கும் தெரியவில்லை. நீங்கள் கப்பலில் இருக்கிறீர்கள். ஏவுகணை விழும் அந்தக் கடலில்.

இன்று செய்தி பார்த்துவிட்டு அத்தை கேட்டார்கள்: "அங்க கப்பல்லாம் எரியுதாமே. எம்புள்ள தரையிலதான இருக்கான்?"

"தரையிலதான் அத்த" என்றேன். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

நான் பயப்படுவேன் என்றுதான் மறைத்திருப்பீர்கள். சண்டை போட மாட்டேன். கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்தில் நிற்கும்? அங்கேயே இறங்கிவிடுங்கள்.

அத்தையிடம் உங்களுக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்கிறேன். என்னிடம் மட்டும் நீங்கள் பொய் சொல்ல வேண்டாம்.

தேர்வுக்குக் கிளம்பும்முன் உங்கள் பதிலைப் பார்த்துவிட நினைக்கும்
உங்கள் மனைவி