நடுப்பெட்டிக்கு ஒரு முகம்

கிசைஸ், துபாய்
11 ஜனவரி 2025

என்னங்க,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் சட்டைகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துத் துவைத்து, பால்கனியில் காயப்போட்டேன். பக்கத்து ஃபிளாட் ஹாலிதா பார்த்துவிட்டு, "என்னடி, மாப்பிள்ளை வர்றாரா? சட்டையெல்லாம் குளிச்சிட்டு வரிசையா நிக்குது!" என்றாள். "அவருதான் சொல்லணும்" என்றேன்.

போனில் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறீர்கள், சண்டையில் முடிகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். உங்கள் ஒரு வருட ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இங்கே மெட்ரோவில் பழைய வேலைக்கே கூப்பிடுகிறார்கள். நம் ஷ்ருதியும் காலேஜில் படிக்கக் கோவைக்குப் போனபிறகு, நான் ஸ்கூலில் பாடம் எடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன்.

வந்துவிடுங்கள்.

உங்கள் ஜோதிமணி


நகானோ, ஜப்பான்
16 ஜனவரி 2025

ஜோதிக்கு,

வருகிறேன். இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை பணிமனைத் தலைவர் மொரிடாவிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிரும் காரமில்லாத சாப்பாடும் எனக்கும் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். டோக்கியோவில் முப்பது வருடம் ஓடிய மின்சார ரயிலை வாங்கி, இந்த மலைப்பாதைக்கு ஏற்றமாதிரி இரண்டிரண்டு பெட்டியாகப் பிரிக்கிறோம் இல்லையா? நடுவில் ஓடிய பெட்டிக்கு முகம் கிடையாது. அதற்கு ஓட்டுநர் அறை கட்டி, முன்கண்ணாடி, விளக்கு எல்லாம் வைத்தோம். வெளியே இழுத்து வந்து விளக்கைப் போட்டதும், இப்போதுதான் கண் விழித்தமாதிரி பார்த்தது!

நேற்று முதல் ஓட்டம். அடுத்த ஸ்டேஷனில் ஏறலாம் என்று போய் நின்றேன். ரயில் வந்தது. நம் மெட்ரோ மாதிரி கதவு தானாகத் திறக்கும் என்று நின்றுகொண்டே இருந்தேன். போய்விட்டது! இங்கே குளிர் உள்ளே போகாமலிருக்க, ஏறுகிறவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானை வைத்தவனே நான்தான். மொரிடா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்னும் நாலு ரயில் பாக்கி. யாராவது முடிப்பார்கள்.

பாஸ்கர்


கிசைஸ்
18 ஜனவரி 2025

என்னங்க,

உங்கள் மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குளிருக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரே வரி. மற்றதெல்லாம் ரயில். இங்கே அத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்தால் "டயர்டா இருக்கு, சோத்தைப் போடு" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. ரயிலைத் தவறவிட்ட மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக எழுதுவாரா? "யாராவது முடிப்பார்கள்" என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மொரிடாவிடம் முடியாது என்று சொல்லாதீர்கள்.

எனக்கு என் வேலை பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பது ஒருநாளும் சலித்ததில்லை. அங்கே வந்து நான் என்ன செய்வேன் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தில் உங்களோடு சண்டையும் போடுவேன், தயாராக இருங்கள். ஆனால் நீங்கள் எனக்காகத் திரும்பி வந்து, பழையபடி பேச்சில்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். ஏப்ரலில் நான் அங்கே வந்துவிடுகிறேன். ஸ்கூலில் சொல்லவில்லை, ஹாலிதாவிடம் சொல்லவில்லை, ஷ்ருதிக்குக்கூட இன்னும் தெரியாது.

ஜோதி