ஹுன்னஸ்கிரியக் கோவிலின் கிழக்குச் சுவர்

1962 செப்டெம்பர் 11, செவ்வாய்

வத்தேகமவில் கட்டப்போகும் கத்தோலிக்கக் கோவிலின் கூரைப் படத்தை இன்றும் மூன்று முறை அழித்துக் கீறினேன். அறுநூறு பேர் இருக்கவேண்டும். நடுவில் தூண் வரக்கூடாது. இதுவரை நான் கட்டிய கோவில்கள் எட்டு. எட்டும் தேயிலைத் தோட்டங்களில்தான், இருநூறு பேருக்கு மேல் கொள்ளாது. கண்டியைத் தாண்டினால் பொன்னுத்துரை என்றால் யாருக்குத் தெரியும்? பட்டம் இல்லை. அரசாங்கக் கட்டடப் பகுதியில் பதினான்கு வருடம் படம் கீறிவிட்டு வெளியே வந்தவன், அவ்வளவுதான்.

வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கக் கட்டடக் குழு அடுத்த மாதம் இருபதாம் திகதி கூடுகிறது. கொழும்பிலிருந்தும் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறாராம்.

சோறு இரண்டு தரம் ஆறிவிட்டதென்று பரிமளத்துக்குக் கோபம். இவளைக் கட்டிய பதினெட்டு வருடத்தில் நான் சுடுசோறு தின்ற நாட்கள் குறைவு.

செப்டெம்பர் 16, ஞாயிறு

ஹுன்னஸ்கிரிய போய் வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் கட்டிய அந்தோனியார் கோவில். கூரையின் தண்ணீர்ப் பீலி ஒழுகுகிறது என்று, கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் சூசை எழுதியிருந்தார். பீலியில் ஒன்றுமில்லை, இலை அடைத்திருந்தது. ஆனால் பீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு புதிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே வெடிப்பு. யன்னல் மூலையில் தொடங்கி நிலம்வரை போகிறது.

கோவில் கூட்டுகிற பாப்பம்மா விளக்குமாறோடு நின்றாள்.

"இது எப்ப வந்தது?"

"ரெண்டு மாசம் இருக்குங்க. ஐயா பாத்தா மனசு சங்கடப்படுவீங்கன்னு நாங்கதான் பூசி விட்டோம்."

என் மனம் சங்கடப்படக்கூடாது என்று.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது வெறும் பூச்சு வெடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பூச்சு வெடிப்பு மூலையிலிருந்து சரிந்து போகுமா? போகாது. எனக்குத் தெரியும்.

செப்டெம்பர் 23, ஞாயிறு

அலவத்துகொடவிலிருந்து மேசன் முஹைதீன் பாஸைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கோவிலின் அத்திவாரம் அவர் வெட்டியது. சுவருக்கு வெளியே குந்தியிருந்து மண்ணை அள்ளிப் பிசைந்தார். பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது.

"மாஸ்டர், அண்டைக்கே நான் சென்னேன் தானே. கீழ்ப்பக்கம் இன்னம் மூணடி போகோணும் எண்டு. நீங்கதான் போதும் எண்டீங்க."

ஓம், நான்தான். அதுமட்டுமா? சூசையும் சனங்களும் கேட்டது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சமநிலம். சரிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது நான். கீழ் ரோட்டில் வருகிறவன் நிமிர்ந்து பார்த்தால் மணிக்கோபுரம் ஆகாயத்தில் நிற்கவேண்டும். அதற்காக!

வெடிப்புக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சீமெந்து வைத்து ஒட்டினார் பாஸ். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

ஒக்டோபர் 2, செவ்வாய்

இன்று போய்ப் பார்த்தேன். கண்ணாடி உடைந்துவிட்டது. பத்து நாள் தாங்கவில்லை.

ஒக்டோபர் 5, வெள்ளி

பரிமளத்திடம் சொன்னேன். போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். பிறகு, "இருபதாம் திகதி போகட்டுமப்பா. பதினைஞ்சு நாள்தானே. அதுக்குப் பிறகு சொல்லுங்கோ" என்றாள்.

எனக்கு உடனே உடம்பு லேசாகிவிட்டது. அவள் சொன்னதால்தான் பொறுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி லேசானதை நினைக்க இப்போது அருவருப்பாக இருக்கிறது.

பாஸும் தை மாதம் மண் காய்ந்த பிறகு அடியில் கொன்கிரீட் கொடுக்கலாம் என்கிறார். தை மாதம். அதற்கு முன் முழு மாரி கிடக்கிறதே.

ஒக்டோபர் 9, செவ்வாய்

மழை. வேலை ஓடவில்லை. பென்சிலைச் சீவிச் சீவி வைத்தேன். வெளியே போனேன், கண்டிக் குளத்தைச் சுற்றினேன், திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

ஒக்டோபர் 14, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ஹுன்னஸ்கிரிய. எதற்குப் போனேன்? பார்த்துவிட்டு வரத்தான். சத்தியமாகச் சொல்ல என்று போகவில்லை.

பூசைக்கு முன்னமே கோவில் நிறைந்துவிட்டது. பெரியவர்கள் பின்னுக்கு, பிள்ளைகள் முன்னுக்கு. இருபது முப்பது பிள்ளைகள் பாய் போட்டு அந்தச் சுவருக்கடியில் இருந்தார்கள். ஒன்று வெடிப்புக்குள் ஈர்க்குக் குச்சியை விட்டு விளையாடிக்கொண்டிருந்தது. குச்சி முழுதாக உள்ளே போனது.

பூசைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த பங்குச் சுவாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நீரே வெளியிலை வந்து சொல்லும்" என்றார்.

சொன்னேன். இந்தக் கோவிலுக்குள் இனி யாரும் இருக்கக்கூடாது என்றேன். மண் பிழையில்லை, பாஸ் பிழையில்லை. இடம் மாற்றியதும் ஆழம் குறைத்ததும் நான் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திருப்பிச் சொல்லவேண்டி வந்தது.

யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். சூசை மட்டும், "மூணு வருசமா சம்பளத்துல புடிச்ச காசுங்க ஐயா. கல்லெல்லாம் பொம்பளைங்கதான் ஆத்துலேர்ந்து தூக்கினாங்க" என்றார். பிறகு பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கொட்டகையில் பூசை நடந்தது. நான் மழையில் பஸ்ஸுக்கு நின்றேன்.

ஒக்டோபர் 15, திங்கள்

கட்டடக் குழுவுக்கும் நானே எழுதிவிட்டேன். பரிமளம் கடிதத்தை வாசித்துவிட்டு முத்திரை ஒட்டினாள்.

ஒக்டோபர் 20, சனி

வத்தேகம வேலை கொழும்பாருக்கு.

நவம்பர் 18, ஞாயிறு

கோவில் விழவில்லை. இரண்டு கிழமை விடாமல் பெய்தும் நிற்கிறது. மடுவத்துக்குள் நனைந்துகொண்டு பூசை காண்கிற சனங்கள் பூட்டிய கோவிலைப் பார்த்து முணுமுணுக்கிறார்களாம். "பிளான் ஐயா சும்மா பயங்காட்டிட்டாரு." முஹைதீன் பாஸ் வந்து சொன்னார். புதிதாக ஒரு வேலையும் எனக்கு வரவில்லை.

காலையில் மழை கனத்தபோது, இன்றைக்காவது விழட்டும் என்று நினைத்தேன். கட்டினவன் நினைக்கிற நினைப்பா இது? விழுந்தால் நான் சொன்னது சரி. அதற்காக ஒரு கோவில் விழவேண்டுமா? எனக்கு விசர்தான்.

டிசம்பர் 9, ஞாயிறு

பத்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். சூசையும் பாப்பம்மாவும். கண்டிக்கு பஸ் ஏறி விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்கள். பரிமளம் கதிரை போட்டாள். இருக்கமாட்டோம் என்று நின்றார்கள். பிறகு நுனியில் இருந்தார்கள்.

அவர்கள் முதலில் கேட்ட சமநிலத்தையே தோட்டத்துத் துரை தருகிறாராம். மழை விட்டதும் கோவிலை அவர்களே கூரையிலிருந்து பிரித்து, கல்லையும் மரத்தையும் அங்கே கொண்டுபோகப் போகிறார்கள். நான் வரவேண்டுமாம்.

"நான் கெடுத்த வேலை. வேறை ஆளைக் கூப்பிடுங்கோவன்."

பாப்பம்மாதான் பேசினாள். "வேற ஆளு வந்தா எதை மறைப்பாரு, எதைச் சொல்லுவாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்களே. உங்களைத் தெரியும்." பிறகு தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "எம் மருமவன் இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கான். அதையும் சொல்லிப்புடறேன்" என்றாள்.

அவர்கள் போனபின் பரிமளம் வத்தேகமப் படங்களைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தாள். நான் தடுக்கவில்லை.

1963 பெப்ரவரி 2, சனி

சமநிலத்தில் அத்திவாரத்துக்குக் கோடு போடக் கயிறு பிடித்தோம். படம் எதுவும் கீறிக்கொண்டு போகவில்லை. வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் சண்டை. வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் என்றார்கள் பெண்கள். தொழிற்சாலைப் பக்கம் என்றார்கள் ஆண்கள். பெண்கள் வென்றார்கள். அதுவரை கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மறுமுனையில் பாப்பம்மாவின் மருமகன். என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைத் தொய்யவும் விடவில்லை.

கடைசி பஸ் போய்விட்டது. பாப்பம்மா ரொட்டியும் சம்பலும் தந்தாள், சூடாக. "காலைல அத்திவாரம் வெட்டத் தொடங்கணுங்க. இங்கனயே தங்கிடுங்க" என்றாள்.

தங்குகிறேன்.