ரிலீவர் வராத ஞாயிறு

ஏப்ரல் 22, 2021 – வியாழன்

இன்று அண்ணன் ஏழாவதாக வந்தான். இந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொரோனாவால் நிஜப் பந்தயங்கள் நின்றுபோனதிலிருந்து எல்லோரும் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார்கள். அவரவர் வீட்டில் ஒரு ஸ்டியரிங், காலடியில் பெடல், எதிரே திரை. ட்ராக் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அண்ணன் கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஓட்டுகிறான், போலந்தில் இருக்கும் யாரோ அவனைப் பின்னாலிருந்து இடிக்கிறான், நான் நெய்வேலியில் பல்லைக் கடிக்கிறேன். பார்க்க வந்தவர்களின் பெயர் ஓரத்தில் பட்டியலாக வரும். என் பெயரைப் போடப் பயந்து ‘பிளாக் 19’ என்று எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்கும் பிளாக்கைப் போட்டிருக்கிறேன். இன்று மொத்தமே ஒன்பது பேர். முடிந்ததும் அண்ணன் எழுத்தில் கேட்டான்: “பிளாக் 19, சாப்ட்டியா?”

சாப்பிட்டேன் என்று அடித்துவிட்டு உடனே அணைத்துவிட்டேன். அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் நேரம்.

போன வருடத்துக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஆல் பாஸ் போட்டுவிட்டதால் இதை இனி யாரும் திறக்கப்போவதில்லை.

ஏப்ரல் 25 – ஞாயிறு

அண்ணன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மைன்ஸில் அப்ரண்டிஸ் இன்டர்வியூ இருந்த அன்று காலை அங்கே போகாமல் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டான். அங்கே ரேஸ் கார் பட்டறையில் வேலை. அந்த இன்டர்வியூவுக்காக அப்பா யார் யாரையோ போய்ப் பார்த்திருந்தார். “ஜெப்ரின்னு ஒருத்தன் இந்த வூட்டுல இல்ல. போன் கீன் பேசறத பார்த்தேன், போனையே ஒடச்சிடுவேன்” என்றார். அவனுடைய ஸ்டியரிங்கைச் சாக்கில் கட்டி லாஃப்டில் ஏற்றிவிட்டார். ஆனால் தூக்கி எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்பா ஷிப்டுக்குப் போனதும் நான் இறக்குகிறேன். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். “மெதுவாடி, பூரான் கீரான் இருக்கப்போவுது” என்பாள். பிறகு எதுவும் தெரியாதவள் போல அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். அண்ணன் ஹெட்போனில் சொல்லித் தர, நான் ஓட்டுகிறேன். அப்போது மட்டும் அவன் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. கழற்றி வைத்ததும் வீடு முன்பைவிடப் பெரிதாகிவிடுகிறது.

மே 4 – செவ்வாய்

அப்பா நான்கு மணி நேரம் தாமதம். அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அப்பா சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினுக்கு ஆபரேட்டர். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சீட்டில் உட்கார்ந்தால்தான் இவர் இறங்கலாம். அந்த ஆளை ரிலீவர் என்பார்கள். ரிலீவர் வராமல் இறங்கியதில்லை என்பது அப்பாவுக்குப் பெரிய பெருமை. இன்று ரிலீவர் ராமலிங்கம் மாமா வரவில்லையாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் திட்டினார். “அவனுக்கு ஒடம்பு வணங்காது. எங்கியாவது குந்திக்கினு இருப்பான். நான் ஒருத்தன் மாடு மாதிரி ஓட்டிக்கினே கெடக்கணும்.”

மே 6 – வியாழன்

ராமலிங்கம் மாமா இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அப்பா அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதே ஐசியூவில் இருந்திருக்கிறார்.

அப்பா சாப்பிடவில்லை.

மே 16 – ஞாயிறு

அண்ணன் ஒன்று கேட்டான். முப்பதாம் தேதி பன்னிரண்டு மணி நேரப் பந்தயம், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. ஒரே கார், டிரைவர்கள் மாறி மாறி ஓட்ட வேண்டும். அவனோடு அறையில் தங்கியிருந்த அருண்பிரசாத் அண்ணனுக்குக் கொரோனா வந்து ஊருக்குப் போய்விட்டாராம். இரண்டு பேராவது இல்லாவிட்டால் சேர்க்கமாட்டார்கள்.

“நீ வா பாப்பா.”

“எனக்குப் பயமா இருக்குது.”

“பயந்தவங்கதான் நல்லா பிரேக் போடுவாங்க.”

அப்பாவுக்கு அன்று காலை ஷிப்ட். ஐந்தேகாலுக்குப் போனால் இரண்டே முக்காலுக்குத்தான் வருவார். இரண்டு மணிக்கு என்னிடமிருந்து அண்ணன் வாங்கிக்கொண்டால் கடைசி வரை அவனே ஓட்டுவான். எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதே பயமாக இருக்கிறது.

மே 26 – புதன்

ஹெட்போனில் இருமல். கேட்டால், “பட்டறைத் தூசி.” பட்டறை மூடி இரண்டு வாரம் ஆகிறது. எனக்குத் தெரியாதா?

மே 28 – வெள்ளி

டெஸ்ட் எடுத்திருக்கிறான். பாசிட்டிவ். அறையில் தனியாக இருக்கிறான். கீழ்வீட்டுக்காரர்கள் படியில் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார்களாம்.

“அப்பா அம்மாகிட்ட சொல்லக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு.”

“ரேஸ் வேணாண்ணா.”

“படுத்துக்கினே மோட்டுவளைய பாக்கறதுக்கு இது தேவல. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். ஆக்சிஜன் எவ்வளவு என்றேன். “டேங்க் ஃபுல்லு, தொண்ணூத்தஞ்சு” என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

அம்மா இரவுச் செபத்தில் தினமும் அவன் பெயரை உதட்டுக்குள் சொல்கிறாள். இன்று அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சத்தியத்தை உடைத்து அதனால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மே 29 – சனி

தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று டிவியில் சொல்கிறார்கள். கீழே போகவில்லையே. போகவில்லை.

மே 30 – ஞாயிறு

எழுதினால்தான் தூக்கம் வரும். தூக்கம் வராது, தெரியும். இருந்தாலும்.

ஆறு மணிக்கு அண்ணன் ஆரம்பித்தான். எட்டிலிருந்து பத்து வரை நான். நன்றாக ஓட்டினேன். முப்பது கார்களில் பதினாலாவதாக வாங்கி பன்னிரண்டாவதாகக் கொடுத்தேன். “சபாஷ்” என்றான், ஆனால் மூச்சு வாங்கிச் சொன்னான். காலையில் தொண்ணூற்று மூன்று என்றிருந்தான். பன்னிரண்டு மணிக்கு என்னிடம் கொடுக்கும்போது கேட்டேன். “தொண்ணூறு காட்டுது. மெஷின் மட்டமான மெஷின், பாப்பா. நீ ஓட்டு. ரெண்டு மணிக்கு நான் வரேன். அதுவரைக்கும் எறங்காத.”

இறங்காதே என்றான். நான் இறங்கவில்லை.

ஒன்றரைக்கு ஹெட்போனில் கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்குகிறான், தூங்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு, டிரைவர் மாறும் இடமான பிட்டுக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணன் பெயரை அழுத்தினால் ‘இணைப்பில் இல்லை’ என்று வந்தது. பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுபடி வெளியே வந்தேன். ஒரு ரவுண்டு, இன்னொரு ரவுண்டு. வருவான், வந்து பார்க்கும்போது கார் நின்றிருந்தால் என்ன நினைப்பான்? ரிலீவர் வரும்வரை இறங்கக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்தானே நானும். பதினோராவது இடத்துக்கு வந்தேன். சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அவன் அங்கே விழுந்து கிடந்தபோது நான் சந்தோஷப்பட்டேன்.

அப்பாவின் பைக் சத்தம் கேட்டது. அம்மா ஓடி வந்து, “ஏண்டி, எடுத்து வைடி, வந்துட்டாருடி” என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். ஹெல்மெட் கையில்.

“எறங்கு.”

“முடியாதுப்பா. ரிலீவர் வரல.”

எப்படி என் வாயிலிருந்து அது வந்தது என்று தெரியவில்லை.

“யாரு ரிலீவர்?”

“அண்ணன்.”

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொரோனா, தொண்ணூறு, ரெண்டு மணி, மாதா மேல சத்தியம். அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். கை மட்டும் ஸ்டியரிங்கில் இருந்தது. அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம்.

“ரிலீவர் வரலன்னா வண்டிய ஓட்டிக்கினே இருப்பியா? ஏன் வரல, என்னா ஆனான்னு கேக்கமாட்டியா? நாலு மணி நேரம் நானும் ஓட்டிக்கினே இருந்தேன். திட்டிக்கினே இருந்தேன். ஒரு போன் போட்டனா? ஒரு போன்...”

அப்பா அழுவதை நான் பார்த்ததில்லை. கையை எடுத்தேன். கார் வளைவில் திரும்பாமல் மணலுக்குள் போய் நின்றது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

போனில் அண்ணன் நம்பர் அவரிடம் இல்லை, எப்போதோ அழித்துவிட்டார். ஆனால் பத்து எண்களையும் பார்க்காமலே அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் அருண்பிரசாத் அண்ணன் நம்பரைக் கொடுத்தேன். அவர் கீழ்வீட்டுக்குப் பேசி, அவர்கள் தாழ்ப்பாளை உடைத்து, நூற்றெட்டுக்குப் போன் செய்து... நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தானாம். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாம்.

பக்கத்து வீட்டுக் கலைச்செல்வன் மாமாவின் காரை அப்பா கேட்டு வாங்கினார். மாவட்டம் தாண்ட இ-பதிவு வேண்டும். நான்தான் அடித்தேன். காரணம்: மருத்துவ அவசரம். நோயாளி என்ன உறவு என்று ஒரு கட்டம் வந்தது. என் கை நின்றுவிட்டது.

“மகன்னு போடு” என்றார் அப்பா.

ஆறரைக்குக் கிளம்பினார். அம்மா ஃப்ளாஸ்க்கில் கஞ்சி கொடுத்தாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

மே 31 – திங்கள்

படுக்கை கிடைத்தது, விடியற்காலை நான்கு மணிக்கு. அப்பாவை உள்ளே விடவில்லை. வெளியே காரில் இருக்கிறார்.

ஜூன் 2 – புதன்

என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாகூட. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும்.

ஜூன் 3

இன்று அப்பாவிடமிருந்து போன் வரவில்லை.

ஜூன் 5 – சனி

பந்தய முடிவைத் திறந்து பார்த்தேன். எங்கள் காருக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே அண்ணன் பெயர், அதற்குக் கீழே என் பெயர். பிளாக் 19 இல்லை, என் முழுப் பெயர். அவன்தான் கொடுத்திருக்கிறான். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 11 – வெள்ளி

குரல் கேட்டேன்! யாரோ நர்ஸ் போனைக் காதில் வைத்திருக்கிறார்.

“பாப்பா... எத்தனாவது இருந்தோம்?”

“பதினொண்ணு.”

“அடிப்பாவி. நான் இருந்தப்ப பன்னெண்டுதானே.”

அவ்வளவுதான். அம்மா போனை வாங்கி, கட் ஆன பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20 – ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். தனியாக.

நான் காலையிலிருந்தே அவனுடைய கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போட்டு வைத்திருந்தேன். காரின் இரண்டாவது கதவு திறக்கும் என்று நின்றுகொண்டிருந்தேன். திறக்கவில்லை.

“ஏங்க, கூட்டிக்கினு வரலியா?”

“கூப்ட்டேன். அருண்பிரசாத் வூட்டுல இருந்துக்கறேன்றான்.”

“வாயத் தொறந்து கூப்ட்டீங்களா, மனசுக்குள்ளயே கூப்ட்டீங்களா?”

அப்பா குளிக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 8 – ஞாயிறு

அண்ணனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறானாம். அதனால் நான் ஓட்டுகிறேன், அவன் பார்க்கிறான். பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அதனாலேயே இரண்டு தடவை இடித்தேன்.

ஸ்டியரிங் இப்போது லாஃப்டில் இல்லை. என் மேசையிலேயே இருக்கிறது.

அக்டோபர் 3

அவன் கையால் ஒரு தடவை என் தலையில் குட்டு வாங்க வேண்டும். வலிக்கிற மாதிரி.

டிசம்பர் 6 – திங்கள்

நிஜப் பந்தயம் வருகிறதாம், கோயம்புத்தூருக்குப் பக்கத்து ட்ராக்கில், பத்தொன்பதாம் தேதி. இரண்டு மணி நேரம். அவனுடைய பட்டறைக் காரும் ஓடுகிறது. குடும்பத்துக்கு மூன்று பாஸ் தருகிறார்கள் என்று போனில் சொன்னான். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அப்பா பேப்பரை மடிக்காமல், “அன்னிக்கு எனக்கு ஆஃப் மாத்திக்கறேன்” என்று பேப்பரிடம் சொன்னார்.

டிசம்பர் 19 – ஞாயிறு

கலைச்செல்வன் மாமாவின் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டப்பகல். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

ட்ராக் வாசலில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஊசி போட்ட சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். என் வயதுக்கு ஊசியே இன்னும் வரவில்லை. அப்பா செக்யூரிட்டியிடம் சண்டை போட்டார். “ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கினு வந்திருக்கம், கொழந்தைய வாசல்ல வுட்டுட்டு போவச் சொல்றீங்களா?” அவர் பாவம், கையெடுத்துக் கும்பிட்டார். யாராவது ஒருவர் என்னோடு இருந்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். நான்தான் இருவரையும் போகச் சொன்னேன். பந்தயம் முடிந்தால்தான் அண்ணன் வெளியே வர முடியும். இரண்டு வருடம் இருந்தாயிற்று. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கமாட்டேனா? இப்படிச் சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் அழுதேன்.

கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா போனை அணைக்காமல் வைத்திருக்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம்தான் ட்ராக். ஒவ்வொரு காரும் மதிலுக்கு மேலே ஒரு தடவை கேட்கிறது, ஒரு நொடி கழித்து மறுபடி போனில் கேட்கிறது.

சற்று முன் போனில் அப்பாவின் குரல், யாரையோ அதட்டி:

“ஏங்க, கொஞ்சம் குந்துங்க, மறைக்குது. பையன் டயர் மாத்திக்கினு இருக்கான்.”

“உங்க பையன் எந்தக் காருங்க ஓட்டறது?”

“ஓட்டல, மாத்தறான். அதோ, இடது பக்கம் பின் டயர். அங்க பாருங்க, அந்த உயரமானவன். ஒடம்பு சரியில்லாம இருந்து எழுந்தவன், எப்படி மாத்தறான் பாருங்க.”

அந்தக் கார் கிளம்பும் சத்தம் முதலில் மதிலுக்கு மேலே வந்தது. பிறகு போனில் வந்தது.