பிராசசருக்கு வைத்த பொட்டு

மச்சான்,

இன்று ஆயுத பூஜை. கடையில் சந்தனம் குழைத்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசனையோடு தொலைபேசி மணியும் சேர்ந்தே கேட்கிறது.

காஜா பேராங்கில் நாம் கூட்டாகக் கம்ப்யூட்டர் கடை வைத்த புதிது. பக்கத்துத் தெங்கேராவில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு அண்ணனுக்கு, இரண்டு பிராசசர் போட்ட கம்ப்யூட்டர் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாய். "தீபாவளிக்கு முந்தி ஒங்க கையில இருக்கும்ணே!" அப்படி ஒன்றை நாம் அதுவரை தொட்டதுகூட இல்லை.

கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் ஒரு பிராசசர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதற்கான இடத்தில் ஒரு வெற்று அட்டையைச் செருகியிருந்தோம். அந்த இடம் சும்மா கிடந்தால் மெஷின் எழும்பாது. "ஆளு வர்ற வரைக்கும் எடம் பிடிச்சு வைக்குதுலா" என்று அதைத் தட்டிச் சிரித்தாய்.

பூஜையன்று காலை புது பிராசசர் வந்தது. அதே பெயர், அதே வேகம். நீ சும்மா விடுவாயா? இரண்டின் தலையிலும் சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் செருகினாய். சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது.

"அலாமாக்! பூஜை போட்டுமா?" என்று தலையில் கைவைத்தாய்.

மாற்றி மாற்றிப் பார்த்தோம். தனித்தனியே போட்டால் இரண்டுமே ஓடின. சேர்த்தால் மூச்சுப் பேச்சில்லை. கடைசியில் நீதான் பொட்டைத் துடைத்துப் பார்த்தாய். அடியில் பொடி எழுத்தில் தயாரிப்புக் குறி, இரண்டிலும் வேறு வேறு. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அவை ஒரே வார்ப்பு இல்லை. சேர்ந்து வேலை செய்யாது. அந்தக் குறியின் மேலேயே பக்தியாகப் பொட்டு வைத்திருந்தோம்.

"சாமி கண்ணையே மறைச்சிட்டோமேடா" என்றாய்.

விற்றவருடைய ஆள் ஆயர் குரோவில் மாற்றித் தருவதாகப் போனில் சொன்னான். "செக்கெஜாப்லா, ஒரு நிமிஷம், இந்தா வந்துர்றேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தாய்.

மதியம் தொலைபேசி அடித்தது. லாரி மோதிவிட்டது என்று யாரோ மலாயில் சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை. "இல்ல, அவன் பிராசசர் மாத்தத்தான் போயிருக்கான்" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ.

உன் தோள்பையை உன் அக்கா கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே மாற்றி வாங்கிய பிராசசர், ஒரு கீறல் இல்லாமல். உனக்கு அப்படி ஆகியிருக்க, இது மட்டும் எப்படிடா? அதைத் தூக்கி எறியத்தான் தோன்றியது.

கருமாதி முடிந்ததும், உன் வாக்குக்காக, அட்டையைக் கழற்றிவிட்டு அதைச் செருகினேன். பொட்டு வைக்கவில்லை. உடனே திரை வந்தது. பிராசசர் இரண்டு என்று காட்டியது. கடை அதிர நான் கத்திவிட்டேன்.

தீபாவளிக்கு முன்பே கம்ப்யூட்டர் தெங்கேராவுக்குப் போய்விட்டது. மிஞ்சிய அட்டையை உன் நாற்காலியில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆள் வருகிற வரைக்கும் என்றுதானே சொன்னாய், மச்சான்?