திருமண்ணின் மேல் ஒட்டிய டேப்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, கைப்பையிலிருந்த டேப்பில் ஒரு துண்டு கிழித்து என் வலது இமையின் மேல் ஒட்டிக்கொண்டேன். அந்தப் பசை வாசனையில் நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன்களாகப் பன்னிரண்டு வருஷம் நாம் சேர்ந்து சுவாசித்த வாசனை. இமையைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. நன்றாகத்தான் பிடிக்கிறது.

"தூங்குறவங்க கண்ணு தானா மூடிக்கும்டி. மயக்கத்துல இருக்கறவங்களுக்கு நாமதான் மூடணும்" என்பாய். ஒட்டியதோடு விடவும் மாட்டாய். ஆபரேஷன் நடுவே, முகத்தை மூடிய துணியை அடிக்கடி தூக்கிப் பார்ப்பாய். "என்னம்மா, அவர் கண்ணுலயே குடித்தனம் பண்றியா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "வாடகை கம்மி சார்" என்றாய்.

நோய் வந்து நீயே ஆபரேஷன் மேஜையில் படுத்த அன்று, டேப் நன்றாகப் பிடிக்கட்டும் என்று முசிறியிலிருந்து வரும்போதே முகத்தில் எண்ணெய்ப் பசை போகச் சோப்புப் போட்டுக் கழுவி வந்திருந்தாய். "நீயே ஒட்டு. உறுத்திச்சுன்னா எந்திரிச்சதும் உன்னை அறைவேன்." உறுத்தவில்லை. அடுத்த வருஷம் அந்த நோய்தான் உன்னைக் கொண்டுபோனது.

முந்தாநாள் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். பொடி இருந்தால் டேப் பிடிக்காது என்று, நெற்றித் திருமண்ணைத் துடைக்க ஈரப் பஞ்சோடு போனேன். "நெத்தி பாழா உள்ளே போகப்படாதும்மா, விட்டுடு" என்றார். நானும் அந்த ஊர்க்காரிதான், பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மயங்கிய பிறகாவது, மூக்கின் மேல் இறங்கியிருந்த திருமண்ணின் பாதத்தை மட்டும் துடைத்திருக்கலாம். வேண்டாம் என்றவருக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது என்று கூசியது. டேப்பின் உள்முனையை அந்தப் பொடியின் மேலேயே ஒட்டினேன். இரண்டு மணி நேரம் ஒருமுறைகூடத் துணியைத் தூக்கவில்லை.

கடைசியில் துணியை எடுத்தபோது வலது டேப் பாதி பிரிந்திருந்தது. இமை இடுக்கில் கண் வெறித்துக்கொண்டிருந்தது. டாக்டர் திரும்புவதற்குள் டேப்பை உரித்துக் குப்பையில் போட்டேன்.

நேற்று கண் டாக்டர் வந்து பார்த்தார். வலது கருவிழியில் சிராய்ப்பு என்று மருந்து போட்டுக் கட்டினார். மயக்கம் தெளியும்போது அவரே கசக்கியிருப்பார் என்று எங்கள் டாக்டர் சொன்னார். கேஸ் ஷீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. நான் அங்கேதான் நின்றிருந்தேன். இடது கண் அவருக்குப் பல வருஷமாகவே மங்கல். மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான்.

"நானேதான் கசக்கிண்டுட்டேன் போலிருக்கு. உங்களுக்கெல்லாம் வீண் சிரமம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

ஒருமுறை உன் கையிலும் ஒரு டேப் பிரிந்தது. நீ உடனே போய்ச் சொன்னாய். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயம்தான். எவ்வளவு நேரம் திறந்து கிடந்துச்சுன்னு தெரியாம கண் டாக்டர் என்னத்த வைத்தியம் பார்ப்பாரு?" உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அந்தக் கண்ணில் திருமண் பொடியும் விழுந்திருக்கலாம். அது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒன்பது மணிக்குக் கட்டைப் பிரிக்கிறார்கள். அதற்கு முன்பே கண் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். பிறகு பெரியவரிடம் போய், நீங்க கசக்கலை, நான்தான் என்று சொல்வேன். வேலை போகலாம்.

அடுப்படியில் என் வீட்டுக்காரர் காப்பி ஆற்றும் சத்தம் கேட்கிறது. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.