என் கணவரின் பிணம் எடுக்குமுன் நடந்த கருத்துக்கேட்பு

அனுப்புநர்:
து. கார்குழலி,
க/பெ. துரை (காலமானார்),
மணல்வாய்க் குப்பம், எண்ணூர்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
பொதுமக்கள் கருத்துக்கேட்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: நிலக்கரிக் கிடங்கு தொடர்பாக 14.07.2004 அன்று நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தை ரத்து செய்து மீண்டும் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குப்பத்து முகத்துவாரத்தைத் தூர்த்து நிலக்கரிக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டுள்ளது. நூற்று நாற்பது குடும்பங்கள் அங்கே இறால் பிடித்துத்தான் சோறு தின்கிறோம். படகு கடலுக்குப் போக வேறு வழியும் கிடையாது. இதைக் கூட்டத்தில் நேரில் சொல்ல ஊரே தயாராக இருந்தது. முதலில் பேச வேண்டியவர் என் கணவர்.

2. கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, குப்பத்துக்கு வெளியே போட்ட கூட்டப் பந்தலுக்கு நாற்காலி ஏற்றி வந்த கம்பெனி லாரி அவர் மீது ஏறியது. அங்கேயே உயிர் போய்விட்டது. மறுநாள் பத்து மணிக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீடு வந்தது.

3. எங்கள் ஊரில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை யாரும் கடலுக்குப் போக மாட்டோம், குப்பத்தைத் தாண்டவும் மாட்டோம். கம்பெனி மேனேஜருக்கு இது தெரியாததல்ல. மாலையோடு வந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் நிற்கிறார்களே என்று கூட்டப் பந்தலிலிருந்து ஐம்பது நாற்காலியும் அனுப்பினார். நல்ல மனுஷன் என்று கை கூப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

4. கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "பொணம் கெடக்கசொல்ல எவன்யா கூட்டம் போடுவான்" என்றார் ஊர்த் தலைவர் அம்புரோஸ். போட்டார்கள். பதினோரு மணிக்குத் தொடங்கி இருபது நிமிடத்தில் முடித்தார்கள்.

5. கூட்டக் குறிப்பின் நகல் சென்ற வாரம் கிடைத்தது. விபத்தில் மறைந்த திரு. துரைக்கு அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தியதாக முதல் பத்தியில் உள்ளது. குப்பத்திலிருந்து ஒருவரும் வராததால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படுவதாக அடுத்த பத்தியில் உள்ளது. எழுந்து நின்றவர்களில் தங்கள் அலுவலரும் ஒருவர். நாங்கள் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியாதா, ஐயா?

ஆகவே அந்தக் குறிப்பை ரத்து செய்து, மறுபடி கூட்டம் நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். இனி எங்களால் தங்களுக்குச் சிரமம் இருக்காது. நேற்று ஊர் கூடி ஒரு முடிவு எழுதியுள்ளோம், நகல் இணைத்துள்ளேன். அடுத்த கூட்ட நாளில் எங்கள் குப்பத்தில் யார் செத்தாலும், பிணத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து பேசுவோம். இன்றைக்கோ நாளைக்கோ என்று படுக்கையில் கிடக்கும் என் மாமியார் குப்பம்மா அதில் முதல் கைநாட்டு வைத்திருக்கிறார்.

இடம்: எண்ணூர்
நாள்: 09.08.2004

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
து. கார்குழலி