பக்கம் பார்க்கும் ஃபைண்டர்

இன்று காலை விளக்குக்கரி டப்பாவைத் திறந்தேன். முசிறியிலிருந்து வந்த ஒருவர் பழைய கேமரா ஒன்றையும் அதற்குச் சேராத ஃபைண்டர் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குழலின் உட்புறம் வெளுத்திருந்தது, கறுப்புப் பூச வேண்டும். மூடியை நெம்பியதும் ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கும் கரியுமாக அந்த வாசனை வந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்த நாளெல்லாம் நம் கடைக்கு அந்த வாசனைதான்.

நீ போய் ஐந்து வருஷம் ஆகப்போகிறது. தெப்பக்குளத்துச் சந்தில் கடை அப்படியேதான் இருக்கிறது. வெளியே பலகையில் என் பெயர், உள்ளே உன் கை. நான் படம் பிடிப்பவன், நீ கேமரா பார்ப்பவன். படம் எடுக்கிறவன் கண் வைத்துப் பார்க்கும் அந்தச் சின்னக் குழலை, ஃபைண்டரை, ஊரில் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. லென்ஸை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு கேமராவின் ஃபைண்டரை இன்னொன்றின் தலையில் பொருத்தித் தரச் சொல்லி மதுரையிலிருந்துகூட உன்னைத் தேடி வந்தார்கள். நீ அதன் பாதத்தை அரத்தால் மயிரிழை மயிரிழையாகச் சீவி, கேமராவின் மேலிருக்கும் தகட்டில் நுழைத்துப் பூட்டுவாய். அதோடு விடமாட்டாய். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பால் கூட்டல் குறி போட்டு, அதைக் குழலின் நடுவில் பார்த்து ஒரு படம் எடுப்பாய். நெகடிவில் குறி நடுவில் விழாவிட்டால் மறுபடியும் அரம். அந்தப் படத்துக்குச் சாட்சிப் படம் என்று பெயர் வைத்திருந்தாய். சாட்சி இல்லாமல் எந்தக் கேமராவும் நம் வாசல் தாண்டியதில்லை. கல்யாண வீட்டுக்காரர் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று குதித்தபோதும் நீ அசையவில்லை. "கண்ணும் கண்ணாடியும் ஒண்ணையே பாக்கணும் மாப்ளே, இல்லேன்னா அது கேமரா இல்ல, டப்பா" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் உன் கை தப்பாது என்று ஊர் பேசும்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவனும் நான்தான்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஆடி முடியும் சமயம் ஒருவர் கேமராவோடு வந்தார். சலவை வேட்டி, மூடிய கோட்டு, மெல்லிய குரல். கோயில் உற்சவங்களைப் படம் எடுப்பதாகச் சொன்னார்.

"கேமராவைத் தூக்குனா ஜனங்க விறைச்சுக்கறாங்க. நான் வேற பக்கம் பாத்துட்டு நிக்கணும், படம் இந்தப் பக்கத்துல விழணும். அப்படி ஒரு ஃபைண்டர் பூட்ட முடியுங்களா?"

முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் உனக்குத் தூக்கம் வராதே. பித்தளைக் குழலுக்குள் சின்னக் கண்ணாடியைச் சாய்வாக வைத்து, பக்கவாட்டில் ஒரு துளை விட்டாய். அந்த வாரம் முழுக்க நீ சோற்றைக்கூட ஒழுங்காகத் தின்னவில்லை. சாட்சிப் படத்துக்குச் சுவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாய். நீ வாசல் பக்கம் பார்த்து நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். பிரிண்டைப் பார்த்தால், மூக்கைத் தேய்த்துக்கொண்டு நான் நட்ட நடுவில் நிற்கிறேன். இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து நீ சிரிப்பதை நிறுத்தினாய், நானும் நிறுத்தினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று அப்போது தெரியாது.

அதற்குள் ஊர் மாறிவிட்டிருந்தது. தலைவர்களைப் பிடித்துப் போன செய்தி வந்ததும் தண்டவாளம் பெயர்ப்பது, தந்திக் கம்பி அறுப்பது என்று ஒரே அமளி. பாலக்கரையில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வந்தது. உன் தம்பி முசிறியில் வாழைத்தார் மண்டியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போயிருந்தான். அத்தா இல்லாத வீட்டில் நீ தூக்கி வளர்த்த பிள்ளை. மண்டி வேலைக்குப் போகிறவன் எதற்காக உன் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றான் என்று நீ என்னிடம் கேட்டாய். நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

அவர் மறுபடியும் வந்தது ஆவணியில். மேஜைமேல் பிரிண்டுகளைப் பரப்பினார். எல்லாம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறையில் எடுத்தவை. படியில் உட்கார்ந்தவர்கள், துணி பிழிபவர்கள், கூடிப் பேசுபவர்கள். ஒருவருக்கும் கழுத்துக்கு மேலே இல்லை.

"கிட்டப் போனா தலை வெட்டுப்பட்டுப் போவுதுங்க. எனக்குத் தலைதான் வேணும்" என்றார்.

உற்சவம் எங்கே, சாமி எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். நீ ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நிமிர்ந்து, "ஃபைண்டர் லென்ஸுக்கு மேல உக்காந்திருக்கில்லீங்களா, கிட்டத்துல அப்படித்தான் வெட்டும். வச்சுட்டுப் போங்க, சரி பண்ணித் தரேன்" என்றாய். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அந்தப் படத்தை என் பக்கம் தள்ளினாய். மடித்த வேட்டி, தோளில் துண்டு, வளைந்த சுண்டுவிரல். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது.

"தம்பி கை" என்றாய்.

வந்தவர் போலீஸுக்கு ஆள் காட்டுகிறவர் என்று அப்போதுதான் புரிந்தது. தம்பியை எச்சரிக்க நான் அன்றே ஜட்கா வண்டி பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதி, சித்திரை வீதி, படித்துறை, சத்திரம் எல்லாம் சுற்றினேன். விசாரித்த இடத்தில் ஒரு பெரியவர், "அப்படி யாரும் இங்க தங்கலையே ஸ்வாமி" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னையே உளவாளி என்று நினைத்திருப்பார். பாலத்தில் திரும்பி வரும்போது காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று அன்று பார்க்கத் தொடங்கியவன், இன்னும் நிறுத்தவில்லை.

முடியாது என்று திருப்பிக் கொடுத்தால் அவர் சந்தேகப்படுவார், வேறு ஊரில் வேறு ஆளிடம் போவார். சரிசெய்து கொடுத்தால் உன் தம்பியின் முகம் விழும். நீ முதலில் அதைச் சுத்தமாகச் சரிசெய்தாய். சாட்சிப் படமும் எடுத்தாய், அவரிடம் காட்ட வேண்டுமே. அதற்கப்புறம் ஃபைண்டரின் பாதத்தைக் கழற்றி, ஒரு ஓரத்துக்குக் கீழே காகிதம் போன்ற தகட்டுத் துண்டை ஒட்டினாய். குழல் தலையைப் பார்க்கும், லென்ஸ் நெஞ்சைப் பார்க்கும். கிட்டத்தில் மட்டுமல்ல, எட்டத்திலும். ஒரே வெட்டில் முடிக்கிறவன், அந்தத் துண்டை மூன்று முறை வெட்டினாய். போலீஸுக்குப் பயந்தாயா, தப்பாகப் பூட்டுவதற்குக் கூசினாயா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்று மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஆற்றில் தண்ணீர் ஏறுவதைப் பற்றிப் பேசினார். கேமரா அவர் நெஞ்சோடு இருந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். நீ மேஜையருகே நின்றிருந்தாய்.

"இப்பப் பழகிடுச்சுங்க" என்றார், உன் பக்கம் திரும்பாமலே. "கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சா தலை வந்துடுது."

அவர் கோபப்படவே இல்லை. "உங்க கையில தப்பு வராதுன்னு ஊரே சொல்லுது. நானும் அதையேதான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சொன்னதைச் செய்தார். மார்க்கெட்டில், தாலுகா கச்சேரி வாசலில், பாலக்கரை முக்கில் கேமராவைத் தூக்கிக் காட்டி, இது இன்னார் பூட்டியது, என்ன வேலைப்பாடு பாருங்கள் என்று உன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார். அந்த வாரமே உன் தம்பியைப் பிடித்தார்கள், தந்திக் கம்பி அறுத்த வழக்கு. தம்பியையே காட்டிக் கொடுத்தவன் நீ என்று ஊர் முடிவு கட்டியது, அதன்பிறகு உன்னைப் பார்த்தால் பேச்சு நின்றது. ஒருநாள் நம் வாசல் கதவில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். நீயே கழுவினாய்.

"உண்மையைச் சொல்லிடுடா" என்று உன்னிடம் சண்டை போட்டேன்.

"என்னன்னு சொல்றது? வேலை நல்லா இருக்குன்னு சொல்றான். இல்ல, வேணும்னே கெடுத்தேன்னு சொன்னா நாளைக்கே வந்து ரெண்டு பேரையும் அள்ளிட்டுப் போவான். பலகையில உம் பேருல்ல இருக்கு, மாப்ளே."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்கள். நீ திருடன்கூட இல்லை.

தம்பி விடுதலையாகி வந்தான், வீட்டுக்கு வரவில்லை. நீ பாலக்கரை வீட்டில் காய்ச்சலோடு கிடந்தபோது அவனுக்கு இரண்டு முறை ஆள் அனுப்பினேன். மையவாடிக்கு உன்னைத் தூக்கிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அவன் வந்தான். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று பிடி மண் போடும் நேரத்தில் திரும்பிப் பார்த்தேன், காணோம். அன்று அவனைக் கொன்றுவிடலாம் போல எனக்கு ஆத்திரம்.

சுதந்திரம் வந்ததும் இனி யாருக்குப் பயம் என்று அவனைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படித்துறைப் படம், அவன் சுண்டுவிரல், நீ ஒட்டிய தகடு, அந்த ஆள் தூக்கிப் பிடிக்கப் பழகியது, ஒன்றுவிடாமல். எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"கோர்ட்டுல அந்தப் படத்தைக் காட்டுனாங்கண்ணே. எம் முகம் நட்ட நடுவுல இருந்துச்சு, அளவெடுத்து வச்ச மாதிரி. பாத்ததுமே தெரிஞ்சுச்சு, இது எங்க அண்ணன் வேலைன்னு."

"அதான் சொல்றேனேப்பா, அவன் தூக்கிப் பிடிச்சான்..."

"எங்க அண்ணன் கோணலாப் பூட்டுனார்னு நீங்க சொன்னா, அவரைத் தெரிஞ்சவங்க யாருண்ணே நம்புவாங்க? சினேகிதருக்காகச் சொல்றீங்க. நல்லா இருங்க."

அவன் குரலில் வெறுப்புகூட இல்லை. உன் வேலையைப் பற்றிய பெருமைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் ஆயுளில் நீ செய்த ஒரே தப்பு வேலை அது. நீ அதைச் செய்தாய் என்று நம்புவதற்கு இந்த ஊரில் என்னைத் தவிர ஒருவருமில்லை.